பேஸ் கித்தார் தந்திகள்

பேஸ் கித்தார் தந்திகள் என்பன பேஸ் கித்தார் எனப்படும் தாழ்சுரக் கித்தாரில் பூட்டப்படும் தடித்த உலோகத் தந்திகள் ஆகும். எஃகாலான ஓர் உள்கம்பியும், அதன்மீது நெருக்கமாகச் சுற்றப்பட்ட ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுற்றுக்கம்பிகளும் சேர்ந்ததே ஒரு தந்தி. சுற்றுக்கம்பியின் வடிவம், அது செய்யப்பட்ட உலோகம், தந்தியின் தடிப்பு, தந்தியின் வயது ஆகிய நான்கும் கருவியின் ஒலியைப் பெரிதும் மாற்றவல்லவை. ஒலி மாறும்போது வாசிக்கும் முறையும் மாறுகிறது. நீண்டு ஒலிக்கும் தந்தியில், எழுப்பிய சுரத்தை எங்கே நிறுத்துவது என்பதை இசைஞர் எண்ண வேண்டியுள்ளது. விரைவில் அடங்கும் தந்தியில், அடுத்த சுரத்தை எங்கே தொடங்குவது என்பதை எண்ண வேண்டியுள்ளது. 1960களிலிருந்து தோன்றிய பேஸ் கித்தார் பாணிகள் பலவற்றை இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே விளங்கிக்கொள்ள இயலும்.

கருவியின் மரம், பிக்கப், மிகைப்பி ஆகியவற்றைப் பற்றி இசைஞர்களிடையே நடைபெறும் விவாதங்களுக்கு அளவில்லை. எனினும் ஒரே கருவியில் பழைய தட்டைச்சுற்றுத் தந்திகளை அகற்றிவிட்டுப் புதிய உருள்சுற்றுத் தந்திகளைப் பூட்டினால் ஏற்படும் மாற்றம், இசைப் பயிற்சி இல்லாதவருடைய காதுக்கும் உடனே புலப்படும். மரத்தின் வகையால் ஏற்படும் மாற்றத்தைப் பற்றி அவ்வாறு கூற முடியாது.

அடிப்படை இயற்பியல்

நான்கு தந்திகள் கொண்ட பேஸ் கித்தாரில் தந்திகள் தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி என்னும் சுரங்களுக்குச் சுருதி சேர்க்கப்படுகின்றன. இவற்றின் அடிப்படை அதிர்வெண்கள் முறையே ஏறத்தாழ 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ் ஆகும். இவை சாதாரணக் கித்தாரின் தடித்த நான்கு தந்திகளைவிட ஒரு ஸ்தாயி கீழானவை.

அதிரும் தந்தி ஒன்றின் அதிர்வெண், அதன் நீளம், இழுவிசை, ஓரலகு நீளத்தின் நிறை ஆகிய மூன்றையும் பொறுத்தது. பிரெஞ்சு அறிஞரான மாரின் மெர்சென் 1636 இல் வெளியிட்ட இசை நூலில் இத்தொடர்பை விதியாக வகுத்தார். நீளம் இருமடங்கானால் அதிர்வெண் பாதியாகும். அதிர்வெண்ணை இருமடங்காக்க இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும். நிறை நான்கு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும்.

தாழ்ந்த சுரம் வேண்டுமெனில் நிறை கூட வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவு. அப்படியானால் தடித்த ஒற்றை எஃகுக் கம்பியையே ஏன் பூட்டக் கூடாது என்ற கேள்வி எழலாம். 34 அங்குல நீளமுள்ள கருவியில் ஈ தந்தியை ஒற்றைக் கம்பியாகச் செய்தால் அதன் விட்டம் ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று கணக்கிடலாம். அவ்வளவு தடித்த எஃகு, தந்தியைப் போலன்றிக் கோலைப் போல நடந்துகொள்ளும். வளைவதற்கு அது காட்டும் எதிர்ப்பினால் அதன் மேற்சுரங்கள் இருக்க வேண்டிய இடத்தைவிட உயர்ந்துவிடும். சுருதி தெளிவற்று, மணியோசை போன்ற ஒலி பிறக்கும். ஆகவே மெல்லிய உள்கம்பியின் மேல் இன்னொரு கம்பியைச் சுற்றி, வளையும் தன்மையைப் பெரிதும் இழக்காமல் நிறையை மட்டும் கூட்டுகின்றனர். சுற்றுக்கம்பி நிறையைத் தருகிறது. இழுவிசையைத் தாங்குவது உள்கம்பியே.

மேற்சுரங்கள் என்பன அடிப்படை அதிர்வெண்ணின் இரண்டு, மூன்று, நான்கு முதலிய மடங்குகளில் உடன் ஒலிக்கும் சுரங்கள் ஆகும். ஒரு தந்தி பிரகாசமாக ஒலிக்கிறது என்று கூறும்போது மேற்சுரங்கள் வலுவாகவும் நெடுநேரமும் ஒலிக்கின்றன என்பதே பொருள். பேஸ் கித்தாரில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. சிறிய வானொலிப் பெட்டியோ கைப்பேசியோ 41 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறக்குறைய வெளியிடுவதே இல்லை. அங்கு நாம் கேட்பது மேற்சுரங்களை மட்டுமே. விடுபட்ட அடிப்படைச் சுரத்தை நம் செவியும் மூளையும் சேர்ந்து ஊகித்துக்கொள்கின்றன. மேற்சுரம் நிறைந்த தந்தி சிறு ஒலிபெருக்கியிலும் தன்னை அடையாளம் காட்டிக்கொள்ளும். மேற்சுரம் குறைந்த தந்தி பெரிய அரங்கில் நெஞ்சில் உணரப்படும். சிறு கருவியில் மறைந்துபோகும்.

சுற்று வகைகள்

உருள்சுற்றுத் தந்தியில், அதாவது ரவுண்ட்வவுண்ட் தந்தியில், வட்டமான குறுக்குவெட்டு கொண்ட கம்பி சுற்றப்படுகிறது. விரலை ஓட்டினால் வரி வரியாகத் தட்டுப்படும். மேற்சுரங்கள் மிகுதி, கார்வை நீண்டது. விரல் நகரும்போது கீச்சொலி எழும் என்பதும், மெட்டுகளையும் விரற்பலகையையும் தேய்க்கும் என்பதும் இதன் குறைகள்.

தட்டைச்சுற்றுத் தந்தியில், அதாவது ஃபிளாட்வவுண்ட் தந்தியில், நாடா போன்ற தட்டையான கம்பி மேலுறையாக அமைகிறது. பெரும்பாலும் இதன் உள்ளே வட்டக்கம்பிச் சுற்றும் இருக்கும். மேற்பரப்பு கண்ணாடி போல வழுவழுப்பானது. நெருக்கமாக அமைந்த நாடாவினால் தந்தி விறைப்பாகிறது. மேற்சுரங்கள் விரைவில் அடங்குகின்றன. தொடக்கத்தில் ஒரு திண்ணென்ற தட்டு, பிறகு உருண்ட தாழ்ந்த ஒலி, பிறகு அமைதி என்பதே இதன் இயல்பு. தடிப்பு ஒன்றாக இருந்தாலும் பல தட்டைச்சுற்றுத் தந்திகளின் இழுவிசை உருள்சுற்றுத் தந்தியைவிடக் கூடுதலாக இருப்பதைப் பயன்படுத்துவோர் உணர்வர்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது அரைத்தட்டைத் தந்தி. உருள்சுற்றுத் தந்தியின் மேற்புறத்தைத் தேய்த்தோ அழுத்தியோ இதைச் செய்கின்றனர். இரண்டின் நன்மையும் இதில் உண்டு என விற்பனையாளர் கூறுவர். இரண்டின் குறையும் சிறிது உண்டு. இறுதியாக, உலோகச் சுற்றின் மேல் நைலான் நாடா சுற்றிய தந்திகளும் உள்ளன. பெரும்பாலும் கறுப்பு நிறத்தில் இருக்கும் இவை, நின்று வாசிக்கும் பெரிய டபுள் பேஸ் கருவியை நினைவூட்டும் மென்மையான ஒலியைத் தருகின்றன. நைலானைக் காந்தம் உணராது எனினும் உள்ளே எஃகு இருப்பதால் காந்தப் பிக்கப்புடன் இவை வேலை செய்யும்.

உலோகத்தைப் பொறுத்தவரை உருள்சுற்றுத் தந்திகளில் மூன்று பரவலானவை: துருப்பிடிக்காத எஃகு, நிக்கல் பூசிய எஃகு, தூய நிக்கல். முதலாவது மிகக் கூரிய ஒலியும் கடினமான மேற்பரப்பும் உடையது, மூன்றாவது மென்மையானது. நிக்கல் பூசிய எஃகு நடுவில் நிற்பதால் புதிய கருவிகளில் பெரும்பாலும் அதுவே பூட்டப்பட்டு வருகிறது. உலோகத்தால் வரும் வேறுபாடு உண்மையே. ஆனால் சுற்றின் வடிவத்தால் வரும் வேறுபாட்டின் அருகில் அது சிறியது.

தடிப்பும் இழுவிசையும்

தந்தியின் தடிப்பு உலகெங்கும் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் குறிக்கப்படுகிறது. ‘45 முதல் 105 வரை’ என்று குறிக்கப்படும் தொகுதியில் ஜி தந்தி 0.045 அங்குலமும் (1.14 மில்லிமீட்டர்) ஈ தந்தி 0.105 அங்குலமும் (2.67 மில்லிமீட்டர்) விட்டமுடையவை. இதுவே நடுத்தரத் தொகுதியாகக் கருதப்படுகிறது. இத்தகைய தொகுதியில் ஒவ்வொரு தந்தியும் ஏறத்தாழ 15 முதல் 23 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையுடன் கழுத்தை இழுக்கிறது. நான்கும் சேர்ந்தால் ஒரு வளர்ந்த மனிதரின் எடை. கழுத்தினுள் எஃகுத் தண்டு ஒன்று பதிக்கப்படுவது இந்த விசையை எதிர்த்து நிற்பதற்கே.

மெல்லிய தந்தி விரலுக்கு இணங்கும். அழுத்துவதும் இழுத்து வளைப்பதும் எளிது. விரைவான வாசிப்புக்கு ஏற்றது. ஆனால் வலுவாக மீட்டினால் அகலமாக ஊசலாடி மெட்டுகளில் மோதும். தடித்த தந்தி அதே வலுவைத் தாங்கி நிற்கும்; சுரத்தின் தொடக்கத்தில் சுருதி பிறழ்வதும் குறைவு. பிரித்தானியாவின் லெவல் 42 குழுவைச் சேர்ந்த மார்க் கிங், பெருவிரலால் தந்தியை மிக விரைவாக அடித்து வாசிப்பவர். அவர் பயன்படுத்தும் தந்திகள் 0.030 முதல் 0.090 அங்குலம் வரை மட்டுமே தடிப்புடையவை. தடித்த தந்தியில் அந்த வேகத்தைத் தொடர்ந்து தக்கவைப்பது கைக்குப் பெரும் சுமையாக இருந்திருக்கும்.

கருவியின் நீளமும் இதில் சேர்கிறது. 1951 இல் வெளிவந்த ஃபென்டர் பிரிசிஷன் பேஸ் 34 அங்குலத் தந்தி நீளத்தைக் கொண்டிருந்தது. அதுவே பின்னர் வழக்கமான அளவாயிற்று. 30 அங்குல நீளமுள்ள குறுங்கருவிகளும் உண்டு. ஒரே தந்தியை 34 அங்குலக் கருவியிலிருந்து 30 அங்குலக் கருவிக்கு மாற்றி அதே சுருதியில் வைத்தால், மெர்சென் விதிப்படி இழுவிசை ஏறத்தாழ 22 விழுக்காடு குறையும். ஈ தந்தியை டி வரை தளர்த்தினால் இழுவிசை ஏறத்தாழ 21 விழுக்காடு குறையும். அதாவது நான்கு அங்குலத்தைக் குறைப்பதும் ஒரு முழுச் சுரம் தளர்த்துவதும் விரலுக்கு ஏறக்குறைய ஒரே மாற்றத்தையே தருகின்றன. சுருதியைக் கீழிறக்கி வாசிக்கும் மெட்டல் இசைஞர்கள் தடித்த தொகுதிகளை நாடுவதன் காரணம் இதுவே.

ஐந்து தந்திக் கருவியில் கூடுதலாக வரும் பி தந்தியின் அதிர்வெண் 30.9 ஹெர்ட்ஸ். 0.105 அங்குல ஈ தந்தியின் இழுவிசையே இதிலும் வேண்டுமெனில் தடிப்பு 0.140 அங்குலமாக இருக்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் 0.130 அங்குலத் தந்தியே பூட்டப்படுகிறது. அதனால் பி தந்தி மற்றவற்றைவிடச் சற்றுத் தொய்வாக இருக்கும். சில உற்பத்தியாளர்கள் கருவியின் நீளத்தை 35 அங்குலமாக்குகின்றனர். இதனால் இழுவிசை 6 விழுக்காடு கூடுகிறது. வேறு சிலர் குதிரையின் மேல் அமரும் இடத்தில் மட்டும் தந்தியின் சுற்றுகளைக் குறைத்து மெலிதாக்குகின்றனர்.

வரலாறும் வாசிப்புப் பாணிகளும்

1950களிலும் 1960களின் முற்பகுதியிலும் மின் பேஸ் கித்தார்களில் பெரும்பாலும் தட்டைச்சுற்றுத் தந்திகளே பூட்டப்பட்டன. டபுள் பேஸ் கருவிக்கு மாற்றாகவே இக்கருவி விற்கப்பட்டது என்பதால் அதன் ஒலியை ஒத்த மழுங்கிய ஒலியே எதிர்பார்க்கப்பட்டது. ஃபென்டர் கருவிகளில் குதிரையை மூடும் உலோக மூடியின் உட்புறம் நுரைப்பஞ்சு ஒட்டப்பட்டிருந்ததையும் இங்குக் குறிப்பிட வேண்டும். தந்தி நீண்டு ஒலிப்பது அன்று குறையாகவே கருதப்பட்டது.

இந்த மழுங்கிய ஒலியின் எல்லைக்குள் நின்று பெரும் சாதனை புரிந்தவர் அமெரிக்காவின் டிட்ராயிட் நகரில் மோட்டவுன் நிறுவனத்திற்காக வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன். 1962 ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸ் ஒன்றில் லா பெல்லா நிறுவனத்தின் தடித்த தட்டைச்சுற்றுத் தந்திகளை அவர் பூட்டியிருந்தார். ஈ தந்தியின் தடிப்பு 0.110 அங்குலம். தந்திகள் விரற்பலகையிலிருந்து உயர்ந்து நின்றன. அறுந்தாலன்றி அவர் தந்தியை மாற்றியதில்லை. வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டினார்.

இவ்விவரங்களைத் தனித்தனியே பார்த்தால் விந்தைப் பழக்கங்களாகத் தோன்றும். சேர்த்துப் பார்த்தால் ஒரு முறைமை தெரியும். பழைய தட்டைச்சுற்றுத் தந்தியும் நுரைப்பஞ்சும் ஒவ்வொரு சுரத்தையும் விரைவில் அடக்கிவிடுகின்றன. சுரங்கள் ஒன்றன்மீது ஒன்று படிவதில்லை. எனவே நெருக்கமான, தாளத்திற்கு எதிராகத் தள்ளி விழும் சுரக்கோவைகளை அவரால் அடுக்க முடிந்தது. பாடகரின் குரலுக்கு அவை இடையூறாகவும் அமையவில்லை. திறந்த தந்தியை மீட்டிவிட்டு இடக்கையை வேறிடத்துக்கு நகர்த்துவது அவருடைய பழக்கங்களுள் ஒன்று. பிரகாசமான தந்தியில் திறந்த தந்தியின் ஒலி மற்ற சுரங்களிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். மழுங்கிய தந்தியில் இரண்டும் கலந்துவிடும். மார்வின் கேயின் 1971 ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ இந்த வாசிப்பைக் கேட்டறிய நல்ல எடுத்துக்காட்டாகும்.

இதே காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்த கரோல் கே, தட்டைச்சுற்றுத் தந்திகளைப் பிக் எனப்படும் மீட்டுத் தகட்டால் வாசித்தார். குதிரைக்கருகில் தந்திகளின் மேல் ஃபெல்ட் துணியை வைத்து அவற்றை அடக்கினார். தகடு தரும் கூர்மையான தொடக்கமும் துணி தரும் விரைவான முடிவும் சேர்ந்து, அளவெடுத்து வெட்டியது போன்ற சுரங்களை அளித்தன. தந்தியின் இயல்பையும் மீட்டும் முறையையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தி இடைநிலை காணும் வழி இது.

எதிர்த்திசையில் சென்றவர் இங்கிலாந்தின் தி ஹூ குழுவைச் சேர்ந்த ஜான் என்ட்விசில். 1965 இல் வெளிவந்த ‘மை ஜெனரேஷன்’ பாடலில் பேஸ் கித்தாருக்குத் தனி வாசிப்பு இடம்பெற்றது. டேன்எலக்ட்ரோ நிறுவனக் கருவியில் இருந்த மெல்லிய, பிரகாசமான தந்திகளை அதற்காக அவர் விரும்பினார். தந்தி அறுந்தபோது மாற்றுத் தந்தி இங்கிலாந்தில் கிடைக்காததால் முழுக் கருவியையே மீண்டும் வாங்க நேர்ந்ததாக அவர் பின்னாளில் கூறியுள்ளார். பதிவாகி வெளிவந்த வாசிப்பு இறுதியில் வேறொரு கருவியில் அமைந்தது. அவர் தேடிய ஒலிக்கான தந்தி 1966 இல் கிடைத்தது. ஜேம்ஸ் ஹவ் நிறுவிய ரோட்டோசவுண்ட் நிறுவனத்துடன் சேர்ந்து, நான்கு தந்திகளும் சீராக ஒலிக்கும் உருள்சுற்றுத் தொகுதி ஒன்றை உருவாக்குவதில் அவர் பங்கேற்றார். ‘ஸ்விங் பேஸ் 66’ என்ற பெயரில் அது இன்றும் விற்பனையாகிறது.

பியானோவின் தாழ்சுரங்களைப் போல ஒலித்த இத்தந்தி, கருவியைப் பின்னணியிலிருந்து முன்னே கொண்டுவந்தது. யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்குவயர் ரிக்கன்பேக்கர் கருவியில் இதே வகைத் தந்தியைப் பூட்டித் தகட்டால் வாசித்தார். அவருடைய பேஸ் இசைக்குழுவின் மற்ற கருவிகளுக்கு நிகராகத் தனித்துக் கேட்டது. கார்வை நீண்டதால் ஒரு புதிய வேலையும் சேர்ந்தது: மீட்டாத தந்திகளை இரு கைகளாலும் தொட்டு அமைதிப்படுத்துவது. தட்டைச்சுற்றுத் தந்தியில் இருந்து உருள்சுற்றுத் தந்திக்கு மாறும் மாணவர் தம் வாசிப்பு திடீரெனக் குழம்பியதாக உணர்வதற்கு இதுவே காரணம். முன்பு தந்தி தானாகச் செய்த வேலையை இப்போது கை செய்ய வேண்டும்.

பெருவிரலால் தந்தியை அடித்தும் சுட்டுவிரலால் இழுத்து விட்டும் வாசிக்கும் ஸ்லாப் முறையை 1960களின் இறுதியில் லாரி கிரஹாம் பரவலாக்கினார். லூயிஸ் ஜான்சன், மார்கஸ் மில்லர் போன்றோரின் வழியாக 1970களிலும் 1980களிலும் இது வளர்ந்தபோது, புதிய உருள்சுற்றுத் தந்தியின் உலோக ஓசை இம்முறையிலிருந்து பிரிக்க முடியாததாயிற்று. மெட்டின்மேல் தந்தி மோதும் ஓசையே இங்கு முரசின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. தட்டைச்சுற்றுத் தந்தியில் அடித்தால் பெரும்பாலும் ‘தொப்’ என்ற ஒலியே மிஞ்சும்.

இம்மாற்றத்தால் இழப்பும் ஏற்பட்டது. மோட்டவுன் நிறுவனம் 1972 இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம்பெயர்ந்தது. ஜேமர்சனும் அங்கு சென்றார். எழுபதுகளில் தயாரிப்பாளர்கள் பிரகாசமான தந்தியையும் ஸ்லாப் முறையையும் எதிர்பார்க்கத் தொடங்கினர். அவர் தம் தந்தியையும் பாணியையும் மாற்றிக்கொள்ளவில்லை. வாய்ப்புகள் குறைந்தன. மதுப்பழக்கமும் உடல்நலக் குறைவும் இதில் பங்கு வகித்தன என்பதால் தந்தியை மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது. 1983 இல் அவருடைய கருவி களவு போயிற்று. அதே ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று அவர் இறந்தார். வாழ்ந்த காலத்தில் இசைத்தட்டுகளின் உறைகளில் பெரும்பாலும் பெயர்கூட அச்சிடப்படாத இவரை, ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் 2000 இல் சேர்த்துக்கொண்டது. அவர் பயன்படுத்திய அதே தடிப்புள்ள தட்டைச்சுற்றுத் தொகுதியை இன்று அவருடைய பெயரிலேயே விற்கின்றனர்.

தட்டைச்சுற்றுத் தந்தி பழைய இசைக்கும் உருள்சுற்றுத் தந்தி புதிய இசைக்கும் உரியவை என்று கொள்வது தவறாகும். அயர்ன் மெய்டன் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ், குதிரைப் பாய்ச்சல் போன்ற வேகமான மெட்டல் வாசிப்பைத் தட்டைச்சுற்றுத் தந்திகளிலேயே நிகழ்த்துகிறார். தந்திகளைத் தாழ்வாக வைத்து விரல்களால் வலுவாக மீட்டுவதால் அவை மெட்டுகளில் மோதி ‘கணகண’ என்று ஒலிக்கின்றன. அவ்வோசையின் பிறப்பிடம் தந்தியன்று, கையே. ஜமைக்காவின் ரெக்கே இசையிலோ இதற்கு நேர்மாறு. பாப் மார்லியின் குழுவில் வாசித்த ஆஸ்டன் பேரட் போன்றோர் தட்டைச்சுற்றுத் தந்திகளில் மிகத் தாழ்ந்த, வட்டமான ஒலியை நாடினர். அவ்விசையில் சுரங்களுக்கு இடையிலான வெற்றிடத்துக்கும் சுரத்துக்குரிய மதிப்பு உண்டு. விரைவில் அடங்கும் தந்தி அதற்கு உதவுகிறது.

மெட்டில்லாக் கருவிகள்

மெட்டுகள் இல்லாத பேஸ் கித்தாரில் தந்தி நேரடியாக விரற்பலகை மரத்தைத் தொடுகிறது. எனவே தந்தித் தெரிவு இங்குக் கருவியின் ஆயுளையும் பாதிக்கிறது. தட்டைச்சுற்றுத் தந்தியும் நைலான் நாடாத் தந்தியும் மரத்தைக் காக்கின்றன. உருள்சுற்றுத் தந்தி அரத்தைப் போல மரத்தை அராவி, நாளடைவில் பள்ளங்களை உண்டாக்கும்.

இருப்பினும் மெட்டில்லாக் கருவியின் புகழ்பெற்ற ஒலி உருள்சுற்றுத் தந்தியிலிருந்தே வந்தது. ஜாக்கோ பாஸ்டோரியஸ் தம் 1962 ஆம் ஆண்டு ஃபென்டர் ஜாஸ் பேஸ் கருவியில் ரோட்டோசவுண்ட் உருள்சுற்றுத் தந்திகளைப் பூட்டினார். மரம் தேயாமலிருக்க, படகுகளுக்குப் பூசும் எபாக்சிப் பூச்சை விரற்பலகையில் பல அடுக்குகளாகப் பூசினார். கடினமான அப்பரப்பின்மீது தந்தி இலேசாக உரசும்போது எழும் முனகல் போன்ற ஒலி மனிதக் குரலை நினைவூட்டுவது. கமகம் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இதில் சுரத்திலிருந்து சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் முறை அந்நியமாகத் தோன்றாது. 1976 இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தொகுப்பில் ‘போர்ட்ரெயிட் ஆஃப் ட்ரேசி’ என்ற ஆக்கம் பெருமளவு மேற்சுரங்களைக் கொண்டே அமைந்தது. தந்தியை அழுத்தாமல் குறிப்பிட்ட இடங்களில் தொட்டு மீட்டி இச்சுரங்களைப் பிரித்தெடுத்தார். மேற்சுரங்கள் விரைவில் அடங்கிவிடும் தட்டைச்சுற்றுத் தந்தியில் அத்தகைய ஆக்கத்தை வாசிப்பது மிகக் கடினம்.

தந்தியின் வயதும் பராமரிப்பும்

உருள்சுற்றுத் தந்தியின் பிரகாசம் நிலையானதன்று. விரலின் வியர்வை, எண்ணெய்ப் பசை, தோல் துகள் ஆகியன சுற்றுகளுக்கு இடையே படிந்து தந்தியின் நிறையைச் சீரற்றதாக்குகின்றன, அதிர்வை உறிஞ்சிக்கொள்கின்றன. மெட்டு படும் இடங்களில் சிறு பள்ளங்கள் விழுகின்றன. முதலில் மறைவன உயர்ந்த மேற்சுரங்கள். பிறகு சுருதியும் பிறழத் தொடங்குகிறது: திறந்த தந்தி சரியாக இருக்க, பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய சுரம் ஒத்துவராது. குதிரையை எவ்வளவு நகர்த்தியும் இது சரியாகாவிட்டால் தந்தி முதுமையடைந்தது எனக் கொள்ளலாம். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களின் உப்புக்காற்றும் வியர்வையும் எஃகுத் தந்தியை இன்னும் விரைவில் துருவேற்றும். வாசித்து முடித்தவுடன் உலர்ந்த பருத்தித் துணியால் தந்தியின் மேலும் அடியிலும் துடைப்பது செலவில்லாத பாதுகாப்பாகும்.

பழைய தந்தியைக் கழற்றிக் கொதிநீரில் சில நிமிடங்கள் இடும் வழக்கமும் உண்டு. அழுக்கும் பசையும் நீங்குவதால் பிரகாசம் ஓரளவு மீளும். ஆனால் தேய்ந்த இடங்கள் தேய்ந்தவையே, துருவும் போகாது. அதனால் இப்பயன் சில நாட்களே நீடிக்கும். நீரை முழுமையாக உலர்த்தாமல் பூட்டினால் நிலைமை மோசமாகும். மெல்லிய பலபடிமப் பூச்சுடைய தந்திகள் 1990களிலிருந்து கிடைக்கின்றன. இவை சுற்றுகளுக்கு இடையே அழுக்குப் புகாமல் தடுப்பதால் பல மடங்கு காலம் உழைக்கின்றன. விலை கூடுதல், விரலுக்குச் சற்று வழுக்கும்.

தட்டைச்சுற்றுத் தந்தியில் அழுக்குப் புக இடைவெளி குறைவு. தவிர, அது மழுங்குவதைக் குறையாகக் கருதுவோரும் குறைவு. ஆண்டுக்கணக்கில் அதையே வைத்திருப்போர் பலர். வாங்கும்போது விலை கூடுதலாக இருந்தாலும் நீண்ட காலத்தில் இதுவே சிக்கனமாவதுண்டு.

தந்தி வகையை மாற்றும்போது கருவியையும் சீரமைக்க வேண்டும். தடித்த தொகுதி கழுத்தை முன்னோக்கி வளைக்கும். உள்ளிருக்கும் எஃகுத் தண்டைச் சிறிது முறுக்கிச் சரிசெய்ய வேண்டும். தலைப்பகுதிக்கருகில் தந்தி அமரும் பள்ளத்தில் தடித்த தந்தி நுழையாமல் மேலே நின்றால் முதல் மெட்டுகளில் சுருதி கூடும். பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்தலாம், ஆனால் அதன்பின் மெல்லிய தந்திக்குத் திரும்பினால் அது தளர்ந்து ஆடும். நான்கு தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினால் கழுத்தின் மீதான விசை திடீரென மாறாது. உள்கம்பி அறுகோணமாக இல்லாமல் வட்டமாக உள்ள தந்திகளில், வெட்டும் இடத்திற்கு முன்பே தந்தியைச் செங்குத்தாக மடக்கிய பின்னரே வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் சுற்றுக்கம்பி உள்கம்பியின் மேல் நழுவித் தளர்ந்துவிடும். அதன்பின் அத்தந்தி புதியதாயினும் ஒலிக்காது. பிருடையில் இரண்டு அல்லது மூன்று சுற்றுகள் வருமளவு நீளம் விட்டு வெட்டுவது போதுமானது.